வெளிநாட்டில் இத்தாலிய உணவகம்: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் தங்கிவரக் கிளம்பும் பெற்றோர், படிக்கப் போகும் பிள்ளைகள், கம்பெனி அனுப்பி வேலைக்குப் போகிறவர்கள் என்று யாராக இருந்தாலும், எந்த ஊரானாலும், ஒருநாள் இத்தாலிய உணவகத்தில் உட்கார வேண்டி வரும். "நம்ம ஓட்டல் இல்லாத ஊர்ல சைவத்துக்கு இத்தாலியன்தான் கதி" என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பக்கம்.

இத்தாலியச் சாப்பாடு பெரும்பாலும் சைவம்தானே?

கண்ணுக்குத் தெரியும் கறித்துண்டைத் தவிர்த்தால் போதும் என்பவருக்கு ஆமாம். தெரியாமல் உள்ளே கலப்பவை நான்கு.

ஒன்று, சீஸை உறைய வைக்கும் பொருள். அடுத்த கேள்வியில் விவரமாகச் சொல்கிறோம். இரண்டு, 'ப்ரோதோ' எனும் எலும்பு அல்லது கோழிச் சாறு. ரிசோட்டோ என்ற குழைசாதம் காளான் போட்டதாக, பூசணி போட்டதாக இருக்கலாம். அரிசி வெந்தது பெரும்பாலும் இந்தச் சாற்றில்தான். காய்கறி சூப்பான மினெஸ்ட்ரோனேயிலும் இது உண்டு, சில இடங்களில் பன்றிக் கொழுப்புத் துண்டும் போட்டுத் தாளிப்பார்கள். மூன்று, 'ஸ்த்ருத்தோ' எனும் பன்றிக் கொழுப்பு. பீட்சா மாவில் வழக்கமாக இருக்காது. ஆனால் பியாதீனா என்ற சப்பாத்தி போன்ற ரொட்டியில் பாரம்பரியமாகவே உண்டு, சில ஃபொகாச்சா ரொட்டிகளிலும் சேரும். நான்கு, 'அச்சூகே' எனும் உப்பில் ஊறிய நெத்திலி வகை மீன். எண்ணெயில் கரைந்துபோவதால் சாஸில் தேடினாலும் கிடைக்காது.

பரிமாறுபவரிடம் "இது சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் சாறு கறி ஆகாது. ஆகவே பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா ப்ரோதோ தி கார்னே". கறி இல்லாமல், மீன் இல்லாமல், கறிச்சாறு இல்லாமல் என்று பொருள். ரிசோட்டோவுக்குச் சாறு காலையிலேயே கொதித்துத் தயாராக இருக்கும், மாற்றித் தரச் சொன்னால் மாற்ற முடியாது. அந்தப் பதிலும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றுப் பொருள் இருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று முத்திரை குத்திய சீஸுக்குப் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. கிரானா பதானோவிலும் விலங்கு ரென்னெட்தான், அத்தோடு முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருளும் சேரும். பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். நம் வீட்டில் பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் திரிக்கிற வேலையை அங்கே இது செய்கிறது.

மொட்சரெல்லாவில் இரண்டு வகையும் உண்டு, பாக்கெட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மஸ்கர்போனே எலுமிச்சை அமிலம் போன்ற புளிப்பால் திரிவது, அதில் ரென்னெட் தேவையில்லை. ரிக்கோட்டா, சீஸ் செய்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து வருவதால் முதல் சீஸின் கதைதான் அதற்கும்.

இதில் எங்கள் கருத்து ஒன்றுதான்: ரென்னெட் ஆகுமா ஆகாதா என்பதை விமானம் ஏறுவதற்கு முன், சேலத்திலேயே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். மேசையில் உட்கார்ந்து மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று சொன்னால் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஆகாது என்று முடிவானால், "சென்சா ஃபொர்மாஜ்ஜோ" என்று சீஸே இல்லாமல் கேட்பது சுலபம். பிரிட்டனில் சில உணவகங்கள் பார்மெசானுக்குப் பதில் விலங்கு ரென்னெட் இல்லாத கெட்டிச் சீஸ் வைத்திருக்கும். மெனுவில் சைவத்துக்கான 'வி' குறி போட்ட பதார்த்தத்தில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். நம் ஊர்ப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது, தேடாதீர்கள்.

மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் 1, 4, 7 என்று எண்கள் இருக்கின்றனவே, விலையா?

விலை இல்லை, ஒவ்வாமைக் குறி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை உணவகம் தெரிவித்தாக வேண்டும். இத்தாலியில் பெரும்பாலும் கோதுமை போன்ற தானியம் 1, முட்டை 3, மீன் 4, பால் 7, கொட்டைப் பருப்பு 8, செலரி 9 என்ற வரிசை. ஜெர்மனியில் எழுத்துகளாகவும் இருக்கும். எண் கடைக்குக் கடை மாறலாம், ஆகவே மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தை முதலில் பாருங்கள்.

ஒவ்வாமை இல்லாதவருக்கும் இது பெரிய உதவி. 'ஃபியோரி தி சுக்கா' என்று ஒன்று இருக்கும். சுக்கினிப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்தது. வாழைப்பூ பஜ்ஜி மாதிரிதானே என்று ஆசையாக இருக்கும். பக்கத்தில் 1, 4, 7 என்று இருந்தால் அந்த 4தான் விஷயம்: பூவுக்குள் மொட்சரெல்லாவோடு ஒரு துண்டு நெத்திலியும் இருக்கிறது. அதேபோல் பாஸ்தாவுக்குப் பக்கத்தில் 3 இருந்தால் மாவில் முட்டை.

ஆனால் பன்றி, மாடு, கோழி, ரென்னெட் எதுவும் அந்த 14இல் இல்லை. எண்ணை மட்டும் நம்பிக் கறிச்சாறைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியென்றால் தைரியமாக எதை ஆர்டர் செய்யலாம்?

பீட்சாவில் முதலில் 'மரினாரா'. பெயரைப் பார்த்துக் கடல் மீன் என்று பயந்து விடுகிறார்கள். தக்காளி, பூண்டு, ஓரிகனோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸே கிடையாது. அடுத்தது 'மார்கெரீத்தா', தக்காளியும் மொட்சரெல்லாவும் துளசி இனத்து பேசிலும். ஒன்று மட்டும்: 'ஃப்ருத்தி தி மாரே' என்று சேர்ந்து வந்தால் அது நிஜமாகவே கடல்வாழ் உயிரி.

பாஸ்தாவில் 'பொமொதோரோ' வெறும் தக்காளி. 'அர்ராபியாத்தா' தக்காளி, பூண்டு, மிளகாய், நம் நாக்குக்கு மிக அருகில் வருவது இதுதான். 'ஆலியோ ஓலியோ எ பெப்பெரொன்சீனோ' பூண்டும் மிளகாயும் எண்ணெயில் தாளித்தது. 'அல்லா நோர்மா' கத்தரிக்காய், மேலே உப்பு ரிக்கோட்டா தூவியது. பேசில் இலையை அரைத்த 'பெஸ்தோ' பச்சையாக இருப்பதாலேயே சைவம் என்று நினைக்க வேண்டாம், அரைக்கும்போதே சீஸ் சேர்ந்துவிடும், பிறகு எடுக்க முடியாது.

பாஸ்தா வேண்டாம் என்பவர்கள் 'கொந்தோர்னி' என்ற தலைப்பைப் பாருங்கள். சுட்ட காய்கறி, கீரை வதக்கல், பீன்ஸ் எல்லாம் அங்கே தனித்தனியாகக் கிடைக்கும். வட இத்தாலியக் கடைகளில் 'பொலென்தா' இருக்கும், அது மக்காச்சோளக் களியேதான். களி தின்று வளர்ந்த ஏற்காட்டு மலைக்காரருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜெனோவா பக்கத்து 'ஃபரினாத்தா' கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அடுப்பில் சுட்ட அடை. பலெர்மோவில் 'பனெல்லே' கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து வெட்டிப் பொரித்தது. பொரித்த எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய பெயர்கள்: அமத்ரிச்சானாவிலும் கார்பொனாராவிலும் பன்றிக் கன்னக் கறி. புத்தனெஸ்காவில் நெத்திலி. அரஞ்சீனி என்ற சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் கொத்துக்கறி, 'வெண்ணெய்' என்று பெயர் போட்ட உருண்டையிலும் ஹாம் என்ற பன்றிக்கறி இருக்கும். சீசர் சாலட் இலைதழையாகத் தெரிந்தாலும் சாஸில் நெத்திலியும் பார்மெசானும் சேர்வது வழக்கம்.

பெப்பரோனி கேட்டால் ஒரு ஊரில் குடைமிளகாய் வருகிறது, இன்னொரு ஊரில் கறி வருகிறது. ஏன்?

இத்தாலிய மொழியில் 'பெப்பெரோனி' என்றாலே குடைமிளகாய்தான். அமெரிக்காவில் அந்தப் பெயர் பன்றியும் மாடும் கலந்த கார சாசேஜுக்குப் போய்விட்டது. ஆகவே இத்தாலியில் அது சைவம், அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூரில் அசைவம். இத்தாலியில் காரக் கறி பீட்சாவுக்குப் பெயர் 'தியாவொலா'. இன்னொரு குழப்பம்: ரோமில் 'நாபொலெத்தானா' என்று கேட்டால் நெத்திலி போட்டது வரும். நேப்பிள்ஸில் அதே பீட்சாவுக்குப் பெயர் 'ரொமானா'.

நாங்கள் கோழி, ஆடு சாப்பிடுவோம். மாடும் பன்றியும் ஆகாது. என்ன செய்வது?

இது சைவத்தைவிடச் சிரமம். இத்தாலியில் பாஸ்தா மேலேயும் பீட்சா மேலேயும் கோழி போடும் வழக்கம் அநேகமாக இல்லை. கோழியும் ஆடும் 'செகொண்டோ' என்ற இரண்டாம் சுற்றில் தனித் தட்டாக வரும். 'பொல்லோ' கோழி, 'அஞ்ஞெல்லோ' ஆட்டுக்குட்டி, 'மான்சோ' மாடு, 'வித்தெல்லோ' கன்று, 'மயாலே' பன்றி. இந்த ஐந்தையும் செல்போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'ராகு' என்றால் கொத்துக்கறிக் குழம்பு, வழக்கமாக மாடும் பன்றியும் சேர்ந்தது. லசாஞ்ஞேயின் அடுக்குகளுக்குள் இருப்பதும் அதுதான். பிரெசாவொலா மாடு. ப்ரொஷூத்தோ, ஸ்பெக், பஞ்செத்தா, ந்தூயா எல்லாம் பன்றி.

வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல உணவகங்களில் பன்றிக்குப் பதில் மாட்டுக்கறியையோ வான்கோழியையோ போட்டுக் கார்பொனாரா செய்கிறார்கள். "இந்த ஊர்ல பன்றி கிடையாதே" என்று நம்பி ஆர்டர் செய்தால் மாடு வரும்.

முட்டையும் ஆகாது என்றால்?

காய்ந்த பாஸ்தா பிழைக்க வைக்கும். ஸ்பகெட்டி, பென்னே, ரிகத்தோனி எல்லாம் வழக்கமாக டூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவுக்கு டூரம் கோதுமைதான் என்று 1967 முதல் சட்டமே இருக்கிறது. முட்டை சேர்வது 'ஃப்ரெஸ்கா' எனும் காயவைக்காத புதுப் பாஸ்தாவில்: தல்யத்தெல்லே, தொர்தெல்லீனி, ராவியோலி, லசாஞ்ஞே. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. கடையில் 'கைப்பட செய்த பாஸ்தா' என்று பெருமையாகப் போட்டிருந்தால் முட்டை இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

பீட்சா நடுவில் ஈரமாக, கருகிய புள்ளிகளோடு வந்தது. திருப்பி அனுப்பலாமா?

நேப்பிள்ஸ் முறை பீட்சா அப்படித்தான் இருக்கும். விறகு அடுப்பு 430 முதல் 485 டிகிரி வரை, பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 விநாடி. ஓரம் உப்பி அங்கங்கே கருகும், நடுப்பகுதி தக்காளிச் சாற்றோடு தளர்வாகவே இருக்கும். இந்தக் கலையை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதை வேகவில்லை என்று சொன்னால் மாஸ்டருக்குச் சுருக்கென்று இருக்கும்.

தட்டுவடை மாதிரி மொறுமொறுப்புதான் வேண்டும் என்றால் ரோம் முறை பீட்சா உள்ள கடையைத் தேடுங்கள், மெல்லியதாக நொறுங்கும். இல்லையென்றால் ஆர்டர் சொல்லும்போதே "பென் கொத்தா" என்று சொல்லுங்கள், நன்றாகச் சுட்டுத் தருவார்கள். முழுப் பீட்சாவாக, வெட்டாமல் வரும், ஆளுக்கு ஒன்று. கத்தியால் வெட்டி, துண்டைக் கையில் எடுத்துச் சாப்பிடலாம். கையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

பாஸ்தா நறுக்நறுக்கென்று இருக்கிறது, பெரியவர்களால் மெல்ல முடியவில்லை.

நடுவில் ஒரு இழை கடிபட வேண்டும் என்பது அவர்கள் பக்குவம். பல்செட் போட்டவர்களுக்கு 'ஞோக்கி' சொல்லுங்கள், உருளைக்கிழங்கை மசித்து உருட்டி வேகவைத்த சின்னக் கொழுக்கட்டை, நாக்கிலேயே கரையும். சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளவும். குழந்தைகளுக்கு "பாஸ்தா இன் பியான்கோ" கேளுங்கள். வெறும் வெண்ணெயோ எண்ணெயோ போட்டுப் பிரட்டியது. மெனுவில் இருக்காது, ஆனால் இத்தாலியில் எந்தக் கடையிலும் செய்து கொடுப்பார்கள். "மெத்சா பொர்சியோனே" என்றால் அரைத் தட்டு.

எல்லா அயிட்டத்தையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாமா? காரத்துக்கு என்ன வழி?

பீட்சாவைத் தாராளமாகப் பகிரலாம். பாஸ்தாவைப் பகிர வேண்டுமென்றால் காலித் தட்டு முதலிலேயே கேட்டுவிடுங்கள். அண்டிபாஸ்தி, ப்ரீமி, செகொண்டி என்று எல்லாச் சுற்றையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு தட்டுப் பாஸ்தா சுமார் 80 முதல் 100 கிராம், நமக்கு அது போதாது போலத் தெரிந்தால் ஒரு கொந்தோர்னோ சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நேர்மாறு, ஒரு தட்டு இருவருக்குக் காணும், மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தருவார்கள்.

காரத்துக்குக் கைப்பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுக்க வேண்டாம். "ஓலியோ பிக்கான்தே" கேட்டால் மிளகாய் ஊறிய எண்ணெய் பாட்டில் வரும்.

பில்லில் நாம் வாங்காத ஒரு வரி இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

அந்த வரி பெரும்பாலும் 'கொபெர்த்தோ'. மேசை விரிப்பு, ரொட்டி, உட்கார்ந்ததற்கான ஆள் கட்டணம், தலைக்கு ஒன்று முதல் மூன்று யூரோ சாதாரணம். இரண்டு பேர் பில் ஒன்றைக் கணக்குப் பார்ப்போம்: கொபெர்த்தோ 2.50 வீதம் 5, தண்ணீர் 3, மார்கெரீத்தா 8, அர்ராபியாத்தா 11, காப்பி 1.50 வீதம் 3. மொத்தம் 30 யூரோ. சாப்பிட்டது 19க்குத்தான், மீதி 11 இந்தச் சில்லறையில் போயிற்று. மெனுவில் எழுதியிருந்தால் கொடுத்தாக வேண்டும். ரோம் இருக்கும் லாட்சியோ பகுதியில் மட்டும் 2006 சட்டப்படி கொபெர்த்தோ கூடாது, அதற்குப் பதில் 'பானே' என்று ரொட்டிக்கு விலை வரும். ரொட்டி வேண்டாம் என்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீரும் பாட்டிலாகத்தான் வரும். 'நத்துராலே' சாதாத் தண்ணீர், 'ஃப்ரித்சான்தே' சோடா.

டிப்ஸ் இத்தாலியில் கட்டாயமில்லை. அமெரிக்காவில் 18 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள், ஆறு பேருக்கு மேல் போனால் பில்லிலேயே சேர்த்திருக்கலாம், பார்க்காமல் இரண்டு முறை கொடுத்துவிடாதீர்கள். பிரிட்டனில் 12.5 சதவீதம் என்று பில்லில் வருவது பெரும்பாலும் விருப்பக் கட்டணம், எடுக்கச் சொல்லலாம். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் 9 சதவீதம் வரி: 20 டாலர் பாஸ்தா 23.98 ஆகும்.

இத்தாலியில் பில்லைத் தானாகக் கொண்டுவர மாட்டார்கள். கேட்காமல் வைப்பது "எழுந்து போ" என்பது போல. "இல் கொன்தோ, பெர் ஃபவோரே" என்று கேட்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம்?

இத்தாலியில் மதியம் 12.30 முதல் 2.30, இரவு 7.30க்குப் பிறகு. இடையில் அடுப்பு அணைந்திருக்கும். மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் கையில் ஏதாவது வைத்திருங்கள்.

நம்ம காப்பி மாதிரி எதைக் கேட்பது?

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து சேர்வராயன் மலையில் காப்பி விளைகிறது, ஆகவே இந்தக் கேள்வி கொஞ்சம் மானப் பிரச்சினையாகவே வருகிறது. இத்தாலியில் 'காஃபே' என்றால் எஸ்ப்ரெசோதான், சுமார் 25 மில்லி, இரண்டு மடக்கு. 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால் வரும், அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் பால். நம் டிகாக்‌ஷன் காப்பிக்குப் பக்கத்தில் வருவது 'காஃபெலாத்தே'. சூடு போதாது, "பென் கால்தோ" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சிக்கரி மணம் எதிலும் இருக்காது. நின்றபடி குடித்தால் விலை குறைவு, மேசையில் உட்கார்ந்தால் பல ஊர்களில் கூடும்.

இனிப்பில் எது பரவாயில்லை?

'சொர்பெத்தோ' பழமும் சர்க்கரையும் தண்ணீரும், பெரும்பாலும் கவலையில்லை. தீராமிசூவில் பச்சை முட்டை, பல கடைகளில் மதுவும். பன்னா கோத்தா, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் உறைவது. கன்னோலி ஓட்டுக்குப் பாரம்பரிய முறையில் பன்றிக் கொழுப்பும் மதுவும் சேரும். ஜெலாத்தோவில் கிரீம் வகைகள் சிலவற்றில் முட்டை மஞ்சள் கரு இருக்கும்.

ஊருக்குத் திரும்பியபின் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்க வேண்டும். எதில் தொடங்கலாம்?

'காச்சியோ எ பெப்பே', சீஸும் மிளகும் மட்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் கொடி மிளகு இதற்கென்றே இருப்பது போல. இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, பச்சைப் புள்ளி உள்ள கெட்டிச் சீஸ் 120 கிராம் பொடியாகத் துருவியது, மிளகு இரண்டு டீஸ்பூன். மிளகை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, கல்லில் ஒன்றிரண்டாகத் தட்டவும். பாஸ்தா வேகத் தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும், குறைவாக வைத்தால்தான் கஞ்சி கெட்டியாக நிற்கும். சீஸில் உப்பு இருப்பதால் உப்பு ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சீஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தோசைமாவு பதத்துக்குக் குழைக்கவும். வெந்த பாஸ்தாவை மிளகோடு பிரட்டி, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துத்தான் குழைத்த சீஸைச் சேர்க்க வேண்டும். எரியும் அடுப்பில் சேர்த்தால் சூட்டில் சீஸின் புரதம் சுருண்டு, ரப்பர் கட்டியாகி வாணலியில் ஒட்டிக்கொள்ளும். இழை இழையாகத் திரளத் தொடங்கினால் உடனே இறக்கி, ஆறிய கஞ்சி இரண்டு ஸ்பூன் விட்டு விடாமல் கிளறுங்கள், பாதி முறையாவது சேர்ந்து வரும்.